மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சொந்தங்களுக்கு

குமரி மாவட்டத்துப் பெரியப்பாமார், சித்திமார், மாமன்மார், மைனிமார், அயல்வீட்டார், ஜெபக்குழுவினர், டியூஷன் ஆசிரியர்கள் அனைவருக்கும்,



உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ ஒரு பிள்ளைக்கு இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார் நோய், என்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். பிள்ளைக்குப் பதினான்கோ பதினைந்தோ வயதிருக்கும். ராத்திரிச் சோறு முடிந்ததும் அம்மா மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுப்பதை, விருந்துக்கு வந்த நீங்கள் பார்த்துவிடுகிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையில் அந்த அம்மாவைத் தனியாகப் பிடித்துச் சொல்கிறீர்கள்: "இந்தப் பிராயத்துலயே மூளைக்கு மாத்திர குடுத்தா பய மழுங்கிப் போவான், கேட்டியா? மொதல்ல அத நிப்பாட்டு." பிள்ளைமேல் உள்ள பாசத்தால்தான் சொல்கிறீர்கள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் நீங்கள் கேட்பதற்கு முன்பே அந்தத் தாயும் தகப்பனும் இதே கேள்வியைப் பலமுறை கேட்டு முடித்தவர்கள். இவ்வளவு சின்ன வயதில் வேண்டுமா? ஆயுள் முழுக்கவா? சிறுநீரகம் கெட்டுப்போகுமா? நாளைக்குக் கல்யாணம் ஆகுமா? முதல் மாத்திரையைக் கையில் எடுத்த அன்று இதையெல்லாம் நினைக்காத பெற்றோர் இருக்கமாட்டார்கள். இத்தனைக்கும் பிறகு அவர்கள் கொடுக்கிறார்கள் என்றால், கொடுக்காமல் இருந்த நாட்களில் வீட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள் மட்டுமே என்பதால்தான்.

அந்த நாட்களைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மனவெழுச்சிக் கட்டம் வரும்போது பிள்ளை இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம்தான் தூங்கும். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம், பத்து நாள் தொடர்ந்து. ஆனால் களைப்பு துளியும் தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கு அலமாரியை இறக்கிவைத்து அடுக்கும். பேச்சு நிற்காது, ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். தான் பெரிய ஆளாகப் போவதாக, கடவுள் தன்னிடம் ஏதோ ஒப்படைத்திருப்பதாகச் சொல்லும். தடுத்தால் அடிக்க வரும். கையில் கிடைத்த பணம் போகும். பிறகு ஒருநாள் எல்லாம் இறங்கும். அதே பிள்ளை பாயைவிட்டு எழாது, குளிக்காது, சாப்பிடாது, தான் இருந்து என்ன பயன் என்று கேட்கும். முதல் கட்டத்தைப் பார்த்து ஊர் "சேட்டை" என்றது. இரண்டாவதைப் பார்த்து "மடி" என்றது. இரண்டுக்கும் நடுவே பெற்றோருக்குக் கிடைத்த பெயர் "வளர்ப்பு சரியில்லை."

வளர்ப்பால் வரும் நோய் இல்லை இது. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதையும் மிகைப்படுத்தவேண்டாம்: தாய் அல்லது தகப்பனுக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. மற்ற ஒன்பது பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஆகவே "அவ குடும்பத்துல இருந்து வந்தது" என்று மருமகள் வீட்டைச் சுட்டும் விரலை மடக்கிக்கொள்வது நல்லது.

உங்கள் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று இந்த மடல் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு இந்த நோய் இருக்கிறது என்று அவசரப்பட்டுச் சொன்ன காலம் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் பத்தொன்பது வயதுவரை உள்ளவர்கள் பைபோலார் என்ற பெயரில் மருத்துவரைப் பார்த்தது, 1994-95-இல் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 25 முறை. 2002-03-இல் அது 1003 முறை. நாற்பது மடங்கு! எட்டு ஆண்டுகளில் ஒரு நோய் இப்படிப் பெருகாது. பெயர் வைப்பதுதான் பெருகியது. எந்நேரமும் எரிந்துவிழும் பிள்ளைகள் பலருக்கும் அந்தப் பெயர் ஒட்டப்பட்டது. கடைசியில் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், விடாத எரிச்சலும் கோபமும் உள்ள குழந்தைகளுக்கென்று தனியாக வேறொரு நோய்ப்பெயரையே வகுத்தது.

எனவே ஒரு பெற்றோர் முதலில் கேட்கவேண்டியது, "இது பைபோலார்தானா?" என்பது. பிடிவாதமும் கோபமும் மட்டும் பைபோலார் ஆகாது. தூக்கம், பேச்சு, வேகம், செயல் எல்லாம் சேர்ந்து, பிள்ளையின் வழக்கமான குணத்திலிருந்து தெளிவாக மாறி, நாள்கணக்கில் நீடித்து, பிறகு மீண்டும் அடங்கும் கட்டங்கள் இருக்கவேண்டும். குழந்தை மனநலம் தெரிந்த இன்னொரு மருத்துவரிடம் இரண்டாம் கருத்து கேட்பது பெற்றோரின் உரிமை. சொந்தக்காரர்கள் உதவ விரும்பினால், அந்த இரண்டாம் கருத்துக்குத் திருவனந்தபுரமோ சென்னையோ பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனமோ போய்வரும் செலவில் ஒரு பங்கு ஏற்கலாம்.

நோய் உறுதியான பிறகு என்ன செய்வது? இதற்கு 1948-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஜான் கேட் என்ற மருத்துவர், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் கையில் சிக்கி சிங்கப்பூர் சாங்கியில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போர்க்கைதியாக இருந்தவர். விடுதலையாகி மெல்போர்னுக்குத் திரும்பி, ஒரு சிறிய மனநல மருத்துவமனையின் பயன்படுத்தாத அறையில் சீமைப்பெருச்சாளிகளை வைத்து ஆய்வு செய்தார். இன்றும் இந்த நோய்க்குத் தரப்படும் லித்தியம் உப்பைச் செலுத்தினால் அவை அமைதியாவதைக் கண்டார். முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகு ஐந்து ஆண்டுகளாக மனவெழுச்சியிலேயே கிடந்த 51 வயது நோயாளி ஒருவருக்கு மார்ச் மாதக் கடைசியில் கொடுத்தார். அந்த மனிதர் தெளிந்து, ஜூலையில் வீட்டுக்கே போனார். வேலைக்கும் போனார்.

கதை அங்கே முடியவில்லை. வெளியே போன அவர் லித்தியத்தை நிறுத்திவிட்டார். ஆறு மாதத்தில் நோய் திரும்பி, மறுபடி அதே மருத்துவமனை. மீண்டும் லித்தியம் தொடங்கினார்கள். இம்முறை அது உடலில் அளவுக்கு மீறிச் சேர்ந்து, 1950-இல் அவர் இறந்தார். இரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கும் வழக்கம் அப்போது வரவில்லை.

ஒரே மனிதரின் வாழ்க்கையில் மூன்று பாடங்களும் கிடக்கின்றன. மருந்து அவரை மீட்டது. தானாக நிறுத்தியது அவரை வீழ்த்தியது. கண்காணிக்காத மருந்து அவரைக் கொன்றது. நீங்கள் அடுக்களையில் சொல்வது மூன்றாவதை நினைத்து. பெற்றோர் பயப்படுவது இரண்டாவதற்கு. இரண்டு பயங்களுக்கும் சேர்த்து ஒரே பதில்தான்: ஒழுங்கான இரத்தப் பரிசோதனை. 1951-லேயே மெல்போர்னில் அந்த அளவீட்டைத் தொடங்கிவிட்டார்கள். 1954-இல் டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கௌ என்ற மருத்துவர் முறையான ஆய்வு நடத்தி லித்தியம் பலன் தருவதைக் காட்டினார். அவருடைய சொந்தத் தம்பியே திரும்பத் திரும்ப மனச்சோர்வில் விழுந்தவர், பின்னாளில் லித்தியத்தால் நிமிர்ந்தவர். ஆய்வு செய்தவரும் இந்த நோய் புகுந்த ஒரு வீட்டுக்காரர்தான்.

பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளும் உண்டு. 1990-இல் அமெரிக்காவில் லித்தியத்தால் தெளிந்த 37 வளரிளம் பிள்ளைகளைப் பதினெட்டு மாதம் கவனித்தார்கள். மருந்தை இடையில் விட்டவர்களில் 92 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 37.5 விழுக்காட்டினருக்கு. சிறிய ஆய்வு, உண்மைதான். தொடர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பியிருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். நம் பெங்களூரு நிம்ஹான்ஸில், இந்த நோய் வந்த 30 பிள்ளைகளை நாலைந்து ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்து 1998-இல் வெளியிட்டார்கள். முதல் முறை வந்த நோயிலிருந்து முப்பது பேருமே மீண்டிருந்தார்கள். அவர்களில் இருபது பேருக்குத் திரும்பவும் வந்தது, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். "பிள்ளைதான் நல்லா ஆயிட்டானே, இனி எதுக்கு?" என்று நீங்கள் கேட்கும் காலமும் அந்த இரண்டு ஆண்டுகளும் ஒன்றுதான்.

இனி, மருந்தின் மறுபக்கம். இதைத்தான் பெற்றோர் தினமும் சுமக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

லித்தியம் என்பது உப்பு வகை. இரத்தத்தில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 அலகுக்குள் நிற்கவேண்டும். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். பலனுக்கும் ஆபத்துக்கும் நடுவே இவ்வளவு ஒடுங்கிய வரப்பு. அளவு பார்க்கும் இரத்தத்தைக் கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கவேண்டும். பேச்சிப்பாறைப் பக்கமோ குலசேகரத்திலோ இருக்கும் ஒரு வீட்டுக்கு இதன் பொருள் என்ன தெரியுமா? முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை கொடுத்து, விடியும்முன் எழுப்பி, காலை மாத்திரையைக் காகிதத்தில் பொதிந்து பையில் வைத்துக்கொண்டு, முதல் பேருந்தில் நாகர்கோவிலுக்கு வரவேண்டும். இரத்தம் எடுத்த பிறகுதான் அந்தப் பொதியைப் பிரிக்கலாம். ரப்பர் வெட்டுக்குப் போகும் தகப்பனுக்கு அன்றைய கூலி போச்சு. அதோடு தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது.

வீட்டிலும் சும்மா இருக்கமுடியாது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அளவு ஏறும். ஆகவே வாந்தி பேதி, கடும் காய்ச்சல், தண்ணீர் குடிக்காத பட்டினி, திடீரென்று உப்பைக் குறைத்தல், எல்லாமே ஆபத்து. கந்தசஷ்டி விரதமானாலும் தவக்கால உபவாசமானாலும் ரமலான் நோன்பானாலும் லித்தியம் எடுக்கும் பிள்ளை மருத்துவரிடம் கேட்காமல் இருக்கக்கூடாது. "ஒரு நாள் விரதம் இருந்தா என்ன ஆயிரும்?" என்று ஆச்சி கோபப்படுவார். ஆகிவிடும் ஆச்சி, அதனால்தான் கேட்கச் சொல்வது. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் நீங்கள் வழக்கமாக மெடிக்கலில் வாங்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலிமாத்திரைகளும் லித்தியத்தின் அளவை ஏற்றும். உங்கள் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கை கடுமையாக நடுங்கினால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், வாந்தி பேதி நிற்காவிட்டால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குத்தான் ஓடவேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு தனி வரி: லித்தியம் எடுக்கும் பிள்ளைக்கு அடிக்கடி தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். வகுப்பில் தண்ணீர் பாட்டிலை மூடச் சொல்லாதீர்கள். வெளியே போகக் கேட்டால் விடுங்கள்.

லித்தியம் மட்டும் இல்லை. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் மனவெழுச்சியை வேகமாக அடக்கும். ஆறு முதல் பதினைந்து வயதுவரை உள்ள 279 பிள்ளைகளிடம் நடந்து 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ரிஸ்பெரிடோனுக்கு 68.5 விழுக்காட்டினரும், லித்தியத்துக்கு 35.6 விழுக்காட்டினரும், வால்ப்ரோயேட் என்ற மருந்துக்கு 24 விழுக்காட்டினரும் குணம் காட்டினார்கள். ஆனால் ரிஸ்பெரிடோன் எடையை அதிகம் ஏற்றியது. திருமண வீட்டில் "என்ன மக்ளே, இப்பிடி வீங்கிட்ட?" என்று நீங்கள் சிரித்துக்கொண்டு கேட்கும் ஒரு வார்த்தை, பதினைந்து வயதுப் பெண்பிள்ளை மறுநாளே மாத்திரையைத் துப்புவதற்குப் போதும். தயவுசெய்து கேட்காதீர்கள்.

வால்ப்ரோயேட் பெண்பிள்ளைகளின் பெற்றோரைக் கூடுதலாக யோசிக்க வைக்கும் மருந்து. கர்ப்ப காலத்தில் எடுத்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குப் பெரிய பிறவிக் குறை வரலாம். இதனால் 2018-இல் பிரிட்டன் அதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. மகளுக்கு இந்த மருந்தை எழுதினால், வேறு வழி இருக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் கடமை. கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுக்கமாட்டார்.

"மழுங்கிப் போவான்" என்ற பயத்துக்கும் நேரான பதில் உண்டு. அளவு கூடினால், மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால், பிள்ளை மந்தமாவது நிஜம். படம் வரையும் பிள்ளை வரைவதை நிறுத்தினால், பாடம் எழுதும் வேகம் குறைந்தால், அதைத் தேதியோடு குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டவேண்டும். அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். நிறுத்தவேண்டிய நாளும் வரலாம். அன்றைக்கும் படிப்படியாக, மருத்துவர் கண்ணெதிரே. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்துவது நோயை வேகமாகத் திருப்பி அழைக்கும்.

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம்முடையது. எந்தத் தெருவிலும் ஒரு நர்ஸ் இருப்பார், வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ வேலை பார்ப்பவர் இருப்பார். இதய அறுவைக்குத் திருவனந்தபுரம் போனதை ஊர் முழுக்கச் சொல்வோம். அதே திருவனந்தபுரத்தில் 1870-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய ஊளம்பாறை மனநல மருத்துவமனையின் பெயரை மட்டும் வசவாக வைத்திருக்கிறோம். கோபம் வந்தால் "உன்னை ஊளம்பாறைக்குத்தான் அனுப்பணும்" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லிப் பழகிவிட்டோம். மாத்திரை எடுக்கும் பிள்ளையின் காதிலும் அது விழுகிறது.

ஜெபக்குழுவினருக்கும் பூசாரிகளுக்கும் ஓதிப் பார்ப்பவர்களுக்கும்: உங்களிடம் வரும் தாயைத் திருப்பி அனுப்பவேண்டாம். அவருக்கு ஆறுதல் வேண்டும், அதைத் தரும் சக்தி உங்களிடம் இருக்கிறது. மந்திரித்துக் கட்டிய கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரையும் வயிற்றுக்குள் போகட்டும். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி தர்காவை அடுத்த மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓடித் தப்பமுடியாமல் இறந்தார்கள். பிரார்த்தனை அவர்களைக் கொல்லவில்லை. மருத்துவம் இல்லாத சங்கிலி கொன்றது. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் இன்று தொழுகைக்கு வருபவர்களை அங்கேயே மனநல மருத்துவரும் பார்க்கிறார். அந்த ஏற்பாடு பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. குமரியின் ஜெப வீடுகளிலும் கோயில்களிலும் அதைச் செய்யத் தடை என்ன இருக்கிறது?

மூடிமறைப்பதைப் பற்றியும் பேசவேண்டும். தமிழர்கள் பலருக்கு இந்த நோயின் பெயரே 2012-இல் வந்த '3' படத்தால்தான் தெரியும். அதில் நாயகன் தன் நோயை மனைவியிடமிருந்து மறைப்பான், நண்பன் ஒருவனுக்குத்தான் தெரியும், முடிவு தற்கொலை. அந்தப் படத்தின் பாட்டு ஒன்று உலகம் சுற்றியது, நோயைப் பற்றி மக்கள் மனதில் தங்கியது பயம் மட்டும். மருந்தோடு படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள் படமாவதில்லை. அந்தக் கதையில் நடந்த தவறைத்தான் நம் வீடுகளும் செய்கின்றன. "கல்யாணம் முடியட்டும், அதுவரை யாருக்கும் தெரியவேண்டாம்" என்று மறைத்து, புகுந்த வீட்டில் மாத்திரை எடுக்க வழியில்லாமல் செய்து, சில மாதங்களில் நோய் திரும்பும்போது பெண்ணையே குற்றவாளி ஆக்குகிறோம். இந்தக் குழியைத் தோண்டுவது பெற்றோர் மட்டுமல்ல. தெரிந்தால் பேசுவீர்கள் என்ற பயத்தை ஊட்டியவர்கள் நீங்கள்.

மருந்தைவிட நீங்கள் நேரடியாக உதவக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது தூக்கம். ராத்திரி தூக்கம் கெடுவது மனவெழுச்சியைக் கிளப்பிவிடும் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஊர்க் கொடை விழாவில் வில்லுப்பாட்டு விடியும்வரை போகும், கிறிஸ்துமஸ் பஜனை வீடு வீடாக நள்ளிரவு தாண்டும். அந்தப் பிள்ளை பத்து மணிக்குத் தூங்கப் போனால் "அந்தக் காலத்துல நாங்க மூணு ராத்திரி கண்ணு முழிச்சோம்" என்று பாட்டா கேலி பேசவேண்டாம். காலை நாலரைக்கு டியூஷன் வைப்பவர்கள் இந்த ஒரு பிள்ளைக்கு மாலை நேரம் தரட்டும். மாத்திரை பாதி வேலை செய்தால் தூக்கம் மீதிப் பாதியைச் செய்யும்.

சட்டமும் பெற்றோரின் பக்கம் நிற்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரை மருத்துவமனையில் சேர்த்தால் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக்கூடாது. உடன் ஒரு பாதுகாவலர் இருக்கவேண்டும். யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியிடுவது குற்றம். உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் சிகிச்சையே பெறுவதில்லை. உங்கள் சொந்தத்தில் உள்ள பிள்ளை சிகிச்சை பெறும் மூன்று பேரில் ஒருவர். அந்த இடத்திலிருந்து அதை இறக்கிவிடாதீர்கள்.

அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது, அடுத்த இரத்தப் பரிசோதனை எந்தத் தேதி என்று கேளுங்கள். அன்றைக்குத் தகப்பன் வேலைக்குப் போகட்டும், முதல் பேருந்தில் நீங்கள் கூட ஏறுங்கள். பிள்ளையின் தங்கையையோ தம்பியையோ ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளையின் நோய்க்குப் பின்னால் அந்தச் சின்னதை யாரும் கவனிப்பதில்லை. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், விளையாட்டுக்குச் சொல்கிறது என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ராத்திரியானால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம்.